நம்பும்படியான வேற்றுக்கிரக அறிவுள்ள இனங்களை எப்படி உருவாக்குவது?

கேள்வியின் விளக்கத்தில் ஆறு இனங்களின் பட்டியல் இருக்கிறது. பல்லி முகமும் போர் வெறியும் கொண்ட ஓர் இனம், நீலத் தோலுடன் தியானத்தில் மூழ்கிய ஞானிகள், ராணிக்குக் கட்டுப்பட்ட பூச்சிக் கூட்டம், வியாபாரமே குறியான குள்ளர்கள், இன்னும் இரண்டு. தோற்றம், நிறம், ஆயுதம் எல்லாம் முடிவாகிவிட்டதாம். ஆனாலும் "வேஷம் கட்டிய மனுஷங்க மாதிரியே இருக்காங்க, எப்படிச் சரி செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இளைஞர், வரைபடங்களும் விண்மீன் பெயர்களும் நிறைந்த ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறீர்கள், முதல் அத்தியாயத்தை இன்னும் தொடங்கவில்லை என்று நானாக ஊகித்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திரையில் வரும் வேற்றுக்கிரகவாசிகளுக்குப் பெரும்பாலும் நெற்றியில் மட்டும் புடைப்பு இருப்பதற்கும் உயிரியலுக்கும் சம்பந்தமில்லை. உள்ளே ஒரு நடிகர் இருக்கிறார். அவர் நடக்க வேண்டும், பேச வேண்டும், முகத்தில் உணர்ச்சி தெரிய வேண்டும். எழுதுகிறவருக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அப்படி இருந்தும் நாமே வலியப் போய் மேக்கப் போட்ட மனிதர்களை எழுதுகிறோம் என்றால், உடம்பிலிருந்து தொடங்குவதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். பல்லி முகத்தை வைத்த கையோடு நம் ஊர் ரவுடியின் மனசை அதற்குள் ஊற்றிவிடுகிறோம்.

உடம்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இவர்களுடைய குஞ்சுகளை வளர்ப்பது யார்? ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கு எந்த வழியில் போகிறது? இதற்குப் பதில் கிடைத்தால் சட்டம், மதம், பயம், கெட்ட வார்த்தை எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

பிழைப்புக்கு நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். அதனால் ஆக்டோபஸை எடுத்துக்கொள்கிறேன், எங்கள் கடற்கரையில் பேய்க்கணவாய் என்பார்களே, அதுதான். ("கையும் காலுமாக நெளியும் வேற்றுக்கிரகவாசி பழைய சரக்கு சார்" என்று யாராவது வருவீர்கள் என்று தெரியும். நான் எடுத்துக்கொள்வது அதன் வாழ்க்கை முறையை. கைகளை வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.) சாதாரண ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பு செல்கள். அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. மூடியைத் திருகித் திறக்கும், தொட்டியிலிருந்து தப்பிக்கும், ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும். நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது. அதாவது இந்த அறிவு நம்முடையதிலிருந்து தனியாக, வேறு வழியில் உண்டானது. வேற்றுக்கிரகத்துக்குப் போகாமலே நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல மாதிரி இதுதான்.

அப்படியானால் அது ஏன் நகரம் கட்டவில்லை? பல இனங்கள் ஓரிரு வருடத்தில் செத்துவிடுகின்றன. பெண் முட்டையிட்டு, சாப்பிடாமல் அடைகாத்து, குஞ்சு பொரியும் சமயத்தில் சாகும். ஆணும் இணை சேர்ந்த பிறகு அதிக நாள் தாங்காது. ஒவ்வொரு குஞ்சும் அனாதையாகப் பிறந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே கற்று, கற்றதை யாருக்கும் சொல்லாமல் முடிந்துபோகிறது. இவ்வளவு புத்தி இருந்தும் பள்ளிக்கூடம் மட்டும் இல்லை.

இங்கேதான் 1977-ல் வந்த ஓர் ஆய்வு எனக்குக் கைகொடுத்தது. ஜெரோம் வோடின்ஸ்கி என்பவர், முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்த பெண் ஆக்டோபஸ்களின் ஆப்டிக் சுரப்பிகளை அறுத்து எடுத்தார். கண்களுக்கு இடையில் இருக்கும் சின்ன உறுப்பு அது. அவ்வளவுதான், அவை அடைகாப்பதை விட்டன, மறுபடி இரை தின்றன, வளர்ந்தன, வெகுநாள் கூடுதலாக வாழ்ந்தன. சாவு அந்தச் சுரப்பியிலிருந்து வந்துகொண்டிருந்தது!

இதைப் படித்த அன்றே என் இனம் பிறந்துவிட்டது. பெயர் ஆழியர். வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவில், பனி ஓட்டுக்கு அடியில் இருக்கும் கடலில் வாழ்கிறவர்கள். ஆதிகாலத்தில் ஒருத்தியை வேட்டை மிருகம் ஒன்று கண்ணுக்குப் பின்னால் கடித்துவிடுகிறது. சுரப்பி போய்விடுகிறது. அவள் முட்டைகளை விட்டுவிட்டு எழுந்து போகிறாள், முட்டைகள் அழுகிவிடுகின்றன, அவள் மட்டும் சாகவில்லை. மற்றவர்களின் குஞ்சுகள் அவளைச் சுற்றி வரத் தொடங்குகின்றன. அந்த இனத்தின் முதல் ஆசிரியை, தன் முட்டைகளைக் கைவிட்டவள். பிற்பாடு இது சடங்காகிறது. வேண்டுமென்றே சுரப்பியை எடுத்துக்கொள்கிறவர்களுக்கு 'அறுத்தோர்' என்று பெயர். அறிவு முழுவதும் அவர்களிடம், வாரிசு முழுவதும் மற்றவர்களிடம். பெற்றவளைப் பார்த்தவர் என்று அங்கே ஒருவர்கூடக் கிடையாது.

நான் இதை ஒரு ஒலிக்கதை செயலிக்குத் தொடராக எழுதினேன். எந்தச் செயலி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். முதல் சில பகுதிகளைப் படித்துவிட்டு அங்கிருந்த எடிட்டர் தம்பி போன் செய்தார்.

"சார், கான்செப்ட் சூப்பர். ஆனா அம்மாவே இல்லாத ஜனங்களா? தமிழ்ல அம்மா சென்டிமென்ட் இல்லாம எப்படி சார் ஓடும்?"

"தம்பி, கலிபோர்னியாவில் மான்டரே பள்ளத்தாக்கில் 1,400 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆக்டோபஸ் 53 மாதம் அடைகாத்திருக்கு. 2007-லிருந்து 2011 வரைக்கும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்காங்க. அதே பாறை, அதே தழும்பு. பக்கத்தில் நண்டு போனாலும் அது சாப்பிட்டு ஒரு தடவைகூட அவங்க பார்க்கலை. உடம்பு வெளிறிச் சுருங்கிப்போச்சு. கடைசியில் போனப்ப காலி முட்டைக் கூடுதான் இருந்தது. இதைவிடப் பெரிய அம்மா சென்டிமென்ட் உனக்கு எங்கே கிடைக்கும்?"

"ஆனா ஆக்டோபஸ் அழாது சார்."

இதற்கு மேல் நான் என்ன பேச? ஒலிபரப்பானபோது கேட்டேன். மூத்த அறுத்தோர் ஒருவர் பூமியிலிருந்து போன விஞ்ஞானியை "மகனே" என்று கூப்பிடுகிறார். பின்னணியில் ஆராரோ ஆரிரரோ. பனிக்கடியில், கும்மிருட்டில், நுரையீரல் இல்லாத ஓர் உயிர் தாலாட்டுப் பாடுகிறது. கீழே "கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்று நூற்றுக்கணக்கில் கமெண்ட். எனக்கும் வந்தது, காரணம் வேறு.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், தெரியும், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக முடியாது. ஒப்பந்தத்தில் என் கதையின் உரிமை "பிரபஞ்சம் முழுவதும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவங்களிலும்" அவர்களுக்கு என்று இருக்கிறது. யூரோப்பாவிலேயே ஆழியர் கதையை ஆழியருக்குச் சொல்ல வேண்டுமானாலும் நான் இவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். கொடுத்த சொற்பத் தொகையிலும் டி.டி.எஸ். என்று வரி பிடித்தார்கள், அதற்கான சான்றிதழான படிவம் 16ஏ இன்னும் வந்தபாடில்லை. மெயில் போட்டால் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஓர் எண் வருகிறது. புதுப்புது எண்ணாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

சரி, ஆழியருக்கு வருவோம். வாரிசு முறை முடிவானதும் நான் பார்த்தது வரவு செலவுக் கணக்கு. மூளை என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற விவகாரம். மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது தின்கிறது. உங்கள் இனத்துக்கு அறிவு இருக்கிறது என்று எழுதினால், அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

யூரோப்பாவில் பனி ஓடு சுமார் 15 முதல் 25 கிலோமீட்டர் தடிமன் இருக்கலாம் என்கிறார்கள். வெயில் உள்ளே போகாது. ஆனால் வியாழனைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு மேற்பரப்புப் பனியைத் தாக்கி ஆக்சிஜனைப் பிரிக்கிறது. ஜூனோ விண்கலம் 2022-ல் அருகில் போய் அளந்ததை வைத்து, ஒரு நாளைக்குச் சுமார் 1,000 டன் ஆக்சிஜன் உண்டாவதாக 2024-ல் கணக்கு வெளியானது. அதற்கு முன் போட்ட மதிப்பீடுகள் பலவற்றைவிட இது குறைவு. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் தேவை. வகுத்துப் பாருங்கள், அத்தனையும் கீழே கடலுக்கே வந்து சேர்ந்தாலும் சுமார் 12 லட்சம் பேருக்குத்தான் காணும். குளிர் ரத்தப் பிராணி குறைவாகச் செலவழிக்கும் என்று கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், மேலே உண்டாவதில் கொஞ்சம்தான் கீழே வரும் என்று குறைத்துக்கொள்ளவும் வேண்டும்.

இந்தக் கணக்கு எனக்குப் பெரிய வரம். எத்தனை பேர் அறுத்துக்கொள்ளலாம் என்று ஆழியருக்குச் சட்டம் ஏன் இருக்கிறது என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. ஒருத்தி கூடுதலாக வாழும் ஒவ்வொரு காலமும் இன்னொருவரின் மூச்சிலிருந்து எடுத்தது. எடிட்டர் தம்பி "வில்லன் யார் சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூச்சுக் காற்றே பற்றாத ஊரில் தனியாக எதற்கு வில்லன்?

நெருப்புப் பிரச்சினையை யாராவது எழுப்புவீர்கள், நியாயமான கேள்விதான். தண்ணீருக்கடியில் தீ மூட்ட முடியாது, தீ இல்லாமல் உலோகம் உருக்க முடியாது. நம் கடலில் வெந்நீர் ஊற்றுகளை 1977-ல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகில் கண்டுபிடித்தார்கள். கரும்புகை போலக் கக்கும் ஊற்றுகளில் நீர் 350 டிகிரி செல்சியஸைத் தொடும், குளிர்ந்த கடல்நீரில் பட்டதும் இரும்பு, செம்பு, துத்தநாக சல்ஃபைடுகள் படிந்து குழாய்களாக உயரும். யூரோப்பாவின் கடலடியிலும் இப்படி ஊற்றுகள் இருப்பதாக வைத்துக்கொண்டேன், அதனால் ஆழியர் எதையும் உருக்குவதில்லை. ஊற்றின் வாயில் அச்சு வைத்துப் பாத்திரத்தை வளர்க்கிறார்கள். ஒரு கத்தி வளர ஒரு தலைமுறை ஆகும், எனவே ஆரம்பித்தவள் முடிந்ததைப் பார்க்க மாட்டாள். விண்கலம் மட்டும் அவர்களால் கட்ட முடியாது, நானும் கொடுக்கவில்லை. விண்மீனையே பார்க்காதவர்களுக்கு வானியல் எதற்கு? அவர்களுக்குத் தெரிந்த ஒரே காலக்கணக்கு, யூரோப்பா வியாழனை ஒரு தடவை சுற்றும் சுமார் 85 மணி நேரத்துக்கு ஒருமுறை பனி ஓடு நெளிந்து முனகுவதுதான்.

புலன்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. சில பாம்புகளுக்கு வெப்பம், வௌவாலுக்கு எதிரொலி, சில மீன்களுக்கு மின்புலம் என்று பூமியிலேயே தேவைக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது. ராட்சதப் பூச்சி வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: உயரத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குவெட்டு நாலு மடங்குதான் ஆகும். இது 1638-லேயே கலிலியோ எழுதிவிட்ட விஷயம்.

"மனித உருவம் வரவே கூடாதா?" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை. ஆக்டோபஸின் கண்ணும் நம் கண்ணும் தனித்தனியாகப் பரிணமித்து ஏறக்குறைய ஒரே அமைப்புக்கு வந்திருக்கின்றன. இத்தனைக்கும் அதன் கண்ணில் நமக்கு இருக்கும் குருட்டுப்புள்ளி கிடையாது. எனவே இரண்டு கால், இரண்டு கை, மேலே தலை என்று வேறெங்கோ வரலாம். வந்தால் ஏன் வந்தது என்று உங்கள் கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வாதம். "கதை தானே, ரசிச்சிட்டுப் போக வேண்டியதுதானே" என்பவர்கள் தாராளமாக ரசியுங்கள். கேள்வி கேட்டவர் 'நம்பும்படி' என்று கேட்டதால் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

உங்கள் ஆறு இனங்களில் நீலத் தோல் ஞானிகளைத் தூக்கிவிடுங்கள், அவர்களுக்குப் பசியே இல்லை. குள்ள வியாபாரிகளில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, ஓர் இனம் முழுக்க ஒரே தொழில் செய்வதாகச் சொல்வது நம் ஊரில் நெடுங்காலமாக நடக்கும் அநியாயம், அதை விண்வெளிக்கும் ஏற்றுமதி செய்ய வேண்டாம். பூச்சிக் கூட்டத்தில் ராணி செத்தால் நினைவு யாரிடம் போகிறது என்று மட்டும் யோசியுங்கள், அது நல்ல கதையாக வரும். பல்லிகளை வைத்துக்கொள்ளுங்கள். முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா, கூடவே இருந்து காக்கிறார்களா? முதலை காக்கும், கடலாமை காக்காது. இதில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து அவர்கள் எதற்காகப் போர் செய்கிறார்கள் என்பதே மாறும். முடிவு செய்ததும் கமெண்டில் போடுங்கள், படித்துச் சொல்கிறேன். ஒலிக்கதை செயலிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் 'பிரபஞ்சம்' என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.