காரைக்குடிப் பக்கம் மே மாதம் வீடு வீடாக ஜெபமாலை சொல்வது ஏன்?

மே, மாதா வணக்க மாதம். அதோடு பள்ளி விடுமுறை. சிவகங்கை மறைமாவட்டத்துப் பங்குகளில் (கோயில் வட்டாரங்களில்) சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அன்பியத்தார், அதாவது பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவினர், ஒரு வீட்டில் கூடுவோம். மாதா சொரூபத்தை முந்தின நாள் வீட்டிலிருந்து தூக்கி வருவார்கள். 53 மணிகளையும் பிள்ளைகள் முறைவைத்துச் சொல்வார்கள். காலையில் புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது) வகுப்புக்குப் போன பிள்ளைகள்தான். முடிந்ததும் பானகமோ நீர்மோரோ கிடைக்கும். படுக்கையில் இருக்கும் பாட்டி வீட்டுக்கும் மாதா போவார், எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம், கடைசி நாளான மே 31 மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த விழா. 1969 திருச்சபை நாள்காட்டித் திருத்தத்துக்கு முன்பு அது ஜூலை 2. வீடு தேடிப் போகும் மாதம், உறவுக்காரியின் வீடு தேடிப் போனவளின் திருநாளில் முடிகிறது.