நடைவண்டி முதல் பொத்தான் பேட்டரி வரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேத்திக்கு எட்டு மாதம். நடுவில் உட்காரவைத்து ஓட்டும் வாக்கர் ஒன்றை மகன் வாங்கி வந்திருக்கிறான். பழைய மர நடைவண்டிதான் நல்லது என்பது என் எண்ணம். எது சரி?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் எண்ணம்தான் சரி. ஆனால் நடைவண்டிக்கும் இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்.

வாக்கரில் குழந்தையின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. விரல் நுனியால் தரையை உந்தித் தள்ளக் குழந்தை பழகுகிறதே தவிர, காலில் எடையை ஏற்றி நிமிர்ந்து நிற்கவோ, சாயும்போது சமாளிக்கவோ கற்றுக்கொள்வதில்லை. சுற்றியிருக்கும் தட்டு மறைப்பதால் தன் பாதம்கூட அதற்குத் தெரியாது. சீக்கிரம் நடக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். அது நடப்பதில்லை, சில குழந்தைகளுக்கு நடை தள்ளியும் போகிறது. அதைவிடப் பெரிய கவலை வேகம். ஒரு நொடியில் மூன்றடிக்கு மேல் உருண்டுவிடும். பக்கத்தில் நிற்பவர் கை நீட்டுவதற்குள் படிக்கட்டு வந்துவிடும். தவழும்போது எட்டாத மேஜை விரிப்பும் காபி டம்ளரும் வாக்கரில் எட்டும். கனடா 2004-லேயே இதன் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்துவிட்டது.

நடைவண்டியில் குழந்தை தானே எழுந்து, தானே நின்று, தள்ள வேண்டும். எதையாவது பிடித்துக்கொண்டு உறுதியாக நிற்கத் தொடங்கிய பிறகு, பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில், கொடுக்கலாம். ஒரு சிக்கல் உண்டு. இந்த வண்டி மண் தரைக்கும் சொரசொரப்பான சிமென்ட் தரைக்கும் செய்யப்பட்டது. இன்றைய டைல்ஸ் தரையில் மரச்சக்கரம் வழுக்கி முன்னே ஓடும். குழந்தை முகம் குப்புற விழும். பழைய சைக்கிள் ட்யூபைச் சக்கரத்தின் அகலத்துக்கு வெட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் மூன்று சக்கரங்களிலும் சுற்றி ஒட்டுங்கள். கீழ்க்கட்டையில் ஒரு கிலோ மணல் மூட்டையைக் கட்டினால் வேகமும் குறையும், வண்டி பின்பக்கம் கவிழ்வதும் குறையும். அச்சுக்கு எண்ணெய் போடாதீர்கள். கடையாணி வெளியே நீட்டியிருக்கிறதா, ஆணித்தலை எழும்பியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். சிலாம்பு இருந்தால் 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தால் போதும், பெயின்ட் வேண்டாம்.

கேள்வி: மகளின் பேசும் பொம்மையில் பேட்டரி மூடியின் திருகு தொலைந்துவிட்டது. செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். போதுமா?
– வாசகர், கோவை

பதில்: போதாது. இன்றே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்; சரியான திருகு கிடைக்கும்வரை பொம்மை பேசாமல் இருக்கட்டும்.

அதில் இருப்பது தட்டையான பொத்தான் பேட்டரி என்றால் இது இன்னும் அவசரம். சி.ஆர். 2032 என்ற வகை 20 மி.மீ. அகலமும் 3 வோல்ட் மின்னழுத்தமும் கொண்டது. சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள அந்த அகலம் போதும். சிக்கியதும் ஈரமான திசு வழியாக மின்சாரம் ஓடி, பேட்டரியின் எதிர்மின்முனை (−) பக்கத்தில் கடுமையான காரம், அதாவது திசுவை அரிக்கும் ரசாயனம், உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் குழாய்ச் சுவர் வெந்துபோகும். பேட்டரி உடைந்து கசிய வேண்டியதே இல்லை. பொம்மையை ஓட்டச் சக்தியில்லாத, ‘தீர்ந்துபோன’ பேட்டரிக்கும் திசுவைச் சுடும் சக்தி மிச்சமிருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் சளி, தொண்டைவலி என்றே தோன்றும்: எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, பால், தண்ணீர் எதுவும் தர வேண்டாம். ஒரு விதிவிலக்கு தேன். குழந்தைக்கு ஒரு வயது முடிந்திருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்கவும் முடிகிறதென்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், அதிகபட்சம் ஆறு முறை தரலாம். தேன் காரத்தின் வேகத்தைக் குறைக்கும், பேட்டரியை எடுக்காது. தேன் தேடி வீட்டில் நேரத்தைக் கடத்தாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டிருந்தால் சொட்டு மருந்து விடாமல் அழைத்துச் செல்லுங்கள்.

பொம்மையை மட்டும் பார்த்தால் போதாது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, கொலுவில் வைக்கும் பேட்டரி அகல் விளக்கு, கார் சாவி, எடை பார்க்கும் கருவி எல்லாவற்றிலும் பொத்தான் பேட்டரி இருக்கலாம். கழற்றியதன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவாகக் கொடுங்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டியிருக்கிறோம். ஆறு வயது மூத்தவள் அதில் ஏறி ஊஞ்சல் ஆடுகிறாள். பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்தானே?
– வாசகி, விருதுநகர்

பதில்: பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. சேலை ஊஞ்சலில் கழுத்து இறுகிப் பிள்ளைகள் இறந்த செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் வீட்டில் ஆள் இருக்கும்போதே நடக்கிறது.

காரணம் இதுதான். பிள்ளை ஆடுவதோடு நிற்காது, சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் சேலை முறுக்கிக் கயிறாகிறது, உட்காரும் மடிப்பு மேலே ஏறுகிறது, கழுத்தருகே உள்ள வளையம் சிறுத்துக்கொண்டே போகிறது. கால் தரையை விட்டுவிட்டால் பிள்ளையின் சொந்த எடையே முடிச்சை இறுக்கும். குரல்வளை அழுந்துவதால் சத்தமும் வராது.

கைக்குழந்தையைத் தூக்கிய உடனே தூளியைக் கொக்கியிலிருந்து கழற்றுங்கள். அது முடியாவிட்டால் பெரியவர்களின் தலைக்கு மேலே சுருட்டி முடிந்துவிடுங்கள். ‘ஏறாதே’ என்ற கண்டிப்பு ஆறு வயதிடம் செல்லாது.

அவளுக்கு ஆட ஆசை. அதற்குப் பலகை ஊஞ்சல் கட்டிக்கொடுங்கள். சுமார் 45 செ.மீ. நீளப் பலகை, இரண்டு முனைகளிலும் தனித்தனிக் கயிறு. மேலேயும் இரண்டு தனிக் கொக்கிகள், பலகை அளவு இடைவெளியில். ஒரே கொக்கியில் இரண்டு கயிற்றையும் மாட்டினால் மீண்டும் முறுக்கத் தொடங்கும். மின்விசிறிக் கொக்கி ஆட்டத்தின் இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. உத்தரத்திலோ கான்கிரீட் பீமிலோ மாட்டுங்கள். உட்கார்ந்தால் பாதம் தரையில் படும் உயரம் சரியானது. துப்பட்டாவும் கழுத்துச் சங்கிலியும் ஊஞ்சலுக்கு முன் கழற்றப்பட வேண்டும்.

இதே கணக்கு பொம்மைக் கயிற்றுக்கும் உண்டு. ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தையின் பொம்மையில் தொங்கும் கயிறு ஒரு சாண், அதாவது 22 செ.மீ., தாண்டக் கூடாது.

கேள்வி: ஊரிலிருந்து பல்லாங்குழிப் பலகையும் ஒரு டப்பா குன்றிமணியும் கொண்டுவந்தோம். பிள்ளைகள் விளையாடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: பலகையை வைத்துக்கொள்ளுங்கள்; குன்றிமணியை அகற்றிவிடுங்கள். அதனுள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கெட்டித் தோல் உடையாமல் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். கடித்தாலோ, மாலை கோக்கத் துளையிட்ட விதையானாலோ நஞ்சு இறங்கும். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம், ஆகவே ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புளியங்கொட்டையோ சோழியோ போதும். வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் அவையும் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவுதான். பதினான்கு குழிக்கு ஐந்து வீதம் 70 காய். ஆட்டம் முடிந்ததும் எழுபதையும் எண்ணிப் போட்ட பிறகே டப்பாவை மூடச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் தேடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மூக்கில் விதை போய்விட்டால் தண்ணீர் விடாதீர்கள். காய்ந்த விதை ஊறிப் பருத்துவிடும்.

கேள்வி: திருவிழாக் கடையில் வாங்கிய மரச் சொப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. நம்பலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரண பொம்மைக்கான தர எண் ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் இயங்குவதற்கு ஐ.எஸ். 15644. முத்திரையின் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் மரச் சொப்பில் முத்திரை இல்லாதது மட்டுமே குற்றமாகாது.

நீங்களே பாருங்கள். ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டக் கூடாது. மரம் கடைசல் இயந்திரத்தில் சுழலும்போதே அரக்கை அழுத்தி, அந்தச் சூட்டில் உருக்கிப் பூசியதென்றால் நிறம் மரத்தோடு பிடித்திருக்கும். மேலே தூரிகையால் அடித்த எனாமல் பெயின்ட் நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும். வாயில் வைக்கும் வயதுக்கு அது வேண்டாம். அரக்குப் பூச்சை சானிடைசரால் துடைக்காதீர்கள், ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். ஊறவைக்கவும் கூடாது.

அளவுக்கும் ஒரு சோதனை. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையின் பாகம், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கக் கூடாது என்பது விதி. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; குழல் அதைவிட அகலம் என்பதால் நாணயத்தைவிடச் சற்றே பெரியதும் ஆகாது. சொப்புச் செட்டில் அடுப்பும் குடமும் தப்பும், கரண்டியும் மூடியும் தப்பாது. கரண்டியையும் மூடியையும் மட்டும் குழந்தைக்குத் தராமல் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: அடுக்ககத்தில் இருக்கிறோம். பிள்ளைகள் ஓடியாட இடமே இல்லை. என்ன செய்வது?
– வாசகி, ஆவடி

பதில்: ஐந்து வயதுக்கு மேல் நாளொன்றுக்கு சராசரியாக அறுபது நிமிடம் மூச்சு வாங்க ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை இருபது இருபதாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும். பாண்டி ஆட எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் 35 செ.மீ., வாகனம் வராத கார் நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் போடுங்கள். சில்லுக்கு உடைந்த ஓட்டுத் துண்டை எடுத்தால் அதன் முனையைத் தரையில் உரசி மழுக்குங்கள். பழைய ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய துண்டு இன்னும் நல்லது, சறுக்காமல் விழுந்த இடத்தில் நிற்கும். நொண்டும் கால் செருப்பில்லாமல் இருக்கட்டும். தரை ஈரமாக இருந்தால் அன்று பாண்டி வேண்டாம், ஐந்தாங்கல் ஆடட்டும்.