டோன் தேடுகிறீர்களா, பார்சல் தேடுகிறீர்களா?

கேள்வி: வணக்கம் சார். 11 ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து மாதம் இரண்டு முறை மேடை ஏறுகிறேன். என்னிடம் 27 பெடல்கள் (காலால் மிதித்து கிடார் ஒலியை மாற்றும் பெட்டிகள்) இருக்கின்றன. போர்டில் இருப்பவை 6. ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் மட்டுமே 8. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, இப்போது மாதத்துக்கு இரண்டு என்று நிற்கிறது. வந்த புதிதில் அருமையாக இருக்கிறது, இரண்டு வாரத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது. ஒன்றை இன்னும் பிரிக்கவே இல்லை. இரண்டு பெட்டிகளை நண்பன் வீட்டில் வைத்திருக்கிறேன், மனைவிக்குத் தெரியாது. நான் நினைத்த டோன் மட்டும் இன்னும் வரவில்லை. இது வியாதியா, வெறும் ஆசையா? எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது? இதை எழுதும்போதுகூட ஒரு ஓவர்டிரைவ் ஆன்லைன் கடைக் கூடையில் கிடக்கிறது. வாங்கட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை கூடையைத் தொடாதீர்கள்.

உங்கள் நிலைமைக்கு இசைக்காரர்கள் நடுவில் ஒரு பெயரே உண்டு: ஜி.ஏ.எஸ். 1990களில் ஸ்டீலி டான் என்ற ராக் குழுவின் வால்டர் பெக்கர் ஒரு கிடார் பத்திரிகையில் கேலியாக எழுதியது. 'கிடார் அக்விசிஷன் சிண்ட்ரோம்', அதாவது கிடார் வாங்கிச் சேர்க்கும் வியாதி என்றுதான் அவர் சொன்னார். பிறகு அந்தச் சுருக்கத்தில் 'கிடார்' போய் 'கியர்' (கருவிகள்) வந்து உட்கார்ந்துகொண்டது. ஆம்ப் (ஒலிபெருக்கி), பெடல், கேபிள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. நல்ல நகைச்சுவைதான். எல்லாரும் தனக்கும் அது இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பதால், உண்மையிலேயே சிக்கலில் இருப்பவர் அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்துகொள்ள முடிகிறது என்பதுதான் அதில் கோளாறு. அதைப் பிறகு பேசுவோம். முதலில் டோன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உங்களை அப்படிச் சொல்ல மாட்டேன். 11 ஆண்டு வாசித்தவருக்கு ஆடத் தெரியும். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணல்தானா என்று நம்மில் யாரும் அளந்து பார்ப்பதில்லை. நேராகப் புதுக் கூடம் வாங்கப் போய்விடுகிறோம்.

புதுப் பெடலை மிதித்தவுடன் நன்றாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அது பழையதைவிடக் கொஞ்சம் சத்தமாக இருக்கிறது. ஒரு டெசிபல் கூடினால் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காது சொல்லாது; 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டியது இது: சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஒலியும் உச்சி ஒலியும் நம் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை, சத்தம் ஏற ஏற இரண்டும் நிரம்பி வருகின்றன. ஒலியே தடித்து, கண் திறந்த மாதிரி ஆகிவிடும். லெவல் நாபைக் கொஞ்சம் திருகியதால் வந்த மாற்றத்தை, பெட்டிக்குள் இருக்கும் ஏதோ மாயத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பர் பெடல் ஒன்றை வரிசையில் முதலாவதாக வையுங்கள். சுத்தமான டோனில் 20 விநாடிக்கு எதையாவது பதிவு செய்து ஓடவிடுங்கள். இனி உங்கள் கை மாறாது. ஒவ்வொரு பெடலுக்கும் அதே வாசிப்புதான் போகும். கம்ப்யூட்டரில் பதிவு செய்து மீட்டரைப் பார்த்து, எட்டு ஓவர்டிரைவின் லெவலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உங்கள் நண்பரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பி உட்காருங்கள். எது பிடிக்கிறது என்று எண் போட்டுத் தாளில் எழுதுங்கள். ஒரு விதிவிலக்கு: ஒலியை இன்னும் முரட்டுத்தனமாக உடைக்கும் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்களை இப்படிச் சோதிக்காதீர்கள். அவற்றுக்கு கிடார் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) நேரடித் தொடர்பு வேண்டும். லூப்பர் நடுவில் வந்தால் வேறு பெடல் மாதிரி வறட்டுத்தனமாகக் கத்தும். அது பெடலின் குற்றமில்லை.

என்னிடமும் ஒரு காலத்தில் பச்சை வகை ஓவர்டிரைவ், அதாவது பச்சைப் பெட்டி ட்யூப் ஸ்க்ரீமரும் அதன் நகல்களும், ஐந்து இருந்தன. இதே சோதனையில், எப்போதும் அலமாரியில் ஒதுக்கியே வைத்திருந்த நகலை இரண்டு முறை "இதுதான் அசல்" என்று கைகாட்டினேன். நண்பன் இன்றுவரை மறக்கவில்லை.

அப்படி ஆனதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 1979ல் வந்த ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர் 808ஐத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு சின்ன ஆப்-ஆம்ப் சிப், ஒலியை மென்மையாக வெட்டும் சிலிக்கான் டயோடுகள், ஒரு டோன் கட்டுப்பாடு. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை அது குறைவாகவே உடைக்கிறது. மேலே டோன் மின்சுற்று கூர்மையை மழுக்குகிறது. நடு ஒலி முன்னால் வந்து நிற்கிறது. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஓவர்டிரைவ்கள் இந்தச் சுற்றின் பேரன் பேத்திகள்தான். டயோடை மாற்றுவார்கள், அடி ஒலியைக் கொஞ்சம் விடுவார்கள், பெட்டிக்கு வேறு வர்ணம் அடிப்பார்கள். 4558 என்ற அந்தச் சிப்பின் குறிப்பிட்ட தயாரிப்புக்காக அலைகிறவர்களை எனக்குத் தெரியும். நாபைக் கால் சுற்று திருப்பினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது.

கிளான் சென்டார் என்ற ஓவர்டிரைவின் கதை இன்னும் சுவாரசியம். 1994 முதல் பில் ஃபின்னகன் என்பவர் கையால் செய்து விற்றது. மொத்தம் சுமார் 8,000தான். யாரும் நகலெடுக்கக் கூடாது என்று உள்ளே எபாக்ஸி ஊற்றி மூடியிருந்தார். அதுவே புதிரானது, புதிர் விலையானது. பிறகு ஆர்வலர்கள் சுரண்டிப் பார்த்து வரைபடமே எடுத்துவிட்டார்கள். இன்று நகல்களுக்குக் குறைவில்லை. ஃபின்னகன் அடுத்து வெளியிட்ட பெடலின் மூடியிலேயே, இந்த அபத்தமான ஆர்ப்பாட்டம் என் வேலை அல்ல என்ற பொருளில் ஒரு வரி அச்சிட்டார். செய்தவரே கைகழுவிய பிறகும் ஆர்ப்பாட்டம் நிற்கவில்லை.

இரண்டு வாரத்தில் சப்பென்று ஆவதற்கு இன்னொரு காரணம், நீங்கள் எங்கே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது. அறையில் தனியாக வாசிக்கும்போது அடியும் உச்சியும் தூக்கலாக, நடு குழிந்த ஒலிதான் பிரம்மாண்டமாக இருக்கும். பிக் மஃப் மாதிரி பெடல்கள் அங்கே சுவரையே அசைக்கும். அதையே மேடைக்குக் கொண்டுபோங்கள்: அடியை பாஸ் கிடார் எடுத்துக்கொள்ளும், உச்சியைச் சிம்பல் எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு மிஞ்சுவது அந்தக் குழி மட்டும். "மேடையில் காணாமல் போகிறது" என்று அடுத்த பெடலைத் தேட ஆரம்பிப்பீர்கள். வீட்டில் மூக்கடைத்த மாதிரிக் கேட்கிறதே என்று நீங்கள் ஒதுக்கிய பச்சைப் பெடல் அதே மேடையில் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒத்திகைக்குக் கொண்டுபோகாமல் எந்த டிரைவ் பெடலுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இனி யாரும் ஆசைப்பட்டு வாங்காத சமாச்சாரம். உங்கள் ஆறு பெடலும் ட்ரூ பைபாஸா, அதாவது அணைத்தால் ஒலியைத் தொடாமல் நேராகக் கடத்திவிடும் வகையா? அப்படியென்றால் எல்லாம் அணைந்திருக்கும்போது, கிடாரிலிருந்து ஆம்ப் வரை போவது ஒரே நீண்ட கேபிள்தான். கேபிளும் ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாதிரி. மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். இரண்டு 6 மீட்டர் கேபிளும் பேட்ச் கேபிள்களும் சேர்ந்தால் 1,200ஐத் தாண்டிவிடும்; உச்சி ஒலி அதிலேயே கரைந்துவிடும். டோன் மந்தமாகிவிட்டது என்று பிரகாசமான ஓவர்டிரைவ் ஒன்றை வாங்குவோம். தேவைப்பட்டது ஒரு பஃபர், நீண்ட கேபிளிலும் ஒலி கரையாமல் தள்ளிவிடும் சின்ன மின்சுற்று. பாஸ் (Boss) நிறுவனத்தின் பெடல்கள் பெரும்பாலானவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. 21 பெடல் வெளியே கிடக்கும் வீட்டில் ஒரு பாஸ் பெடலாவது இருக்கும். அதை போர்டின் முன்பக்கம் வையுங்கள். ஃபஸ் இருந்தால் அதற்கு அடுத்து. ஆன் செய்யாமலே வாசித்துப் பாருங்கள். சோதனைக்கு காசு செலவில்லை.

இரைச்சலும் அப்படித்தான். அனலாக் ஓவர்டிரைவ் சில மில்லியாம்பியரில் ஓடும். ஒலியைத் திருப்பிச் சொல்லும் டிஜிட்டல் டிலேயும், எதிரொலி சேர்க்கும் ரிவர்பும் 100 முதல் 300 வரை கேட்கும். எல்லாவற்றையும் ஒரே அடாப்டரில் மாலை கோத்த மாதிரி இணைத்தால் டிஜிட்டல் பெடலின் கீச்சொலி மற்றவற்றுக்குள் நுழையும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிந்த மின்சாரம் தரும் சப்ளை ஒன்றுதான் நீங்கள் வாங்க வேண்டியதாக எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிரித்துப் பார்த்து யாரும் பூரிக்க மாட்டார்கள். அதனாலேயே கடைசிவரை வாங்காமல் தள்ளிப்போடுகிறோம்.

சரி, இவ்வளவும் தெரிந்தவர்களும் ஏன் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. ஆரம்பத்தில் சாறு வந்ததும் டோபமின் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கு எரியும்போதே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. உங்கள் விளக்கு எது என்று யோசியுங்கள். செயல்விளக்க வீடியோ, விலைக்குறைப்பு அறிவிப்பு, 'பார்சல் கிளம்பிவிட்டது' என்ற செய்தி. பெட்டியைப் பிரிக்கும்போது கச்சேரி முடிந்துவிட்டது. பிரிக்காமலே ஒன்று கிடக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியில் இது முழுவதும் இருக்கிறது.

வியாதியா என்று கேட்டீர்கள். கட்டுப்பாடில்லாமல் வாங்கும் பழக்கத்துக்கு, ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் நூறாண்டுக்கு முன்பே 'ஓனியோமேனியா' என்ற பெயரில் விளக்கம் எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 வகைப்பாடு அதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத பிற கோளாறுகளுக்கு ஓர் உதாரணமாக அதைக் குறிப்பிடுகிறது. நான் ஒலிப்பதிவுக்காரன், மருத்துவன் அல்ல. ஆனால் எனக்கு எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை. 200 பெடல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வரலாறும் சொல்லி, கடனில்லாமல், வீட்டாரும் அறிய மகிழ்ச்சியாக இருப்பவர் சேகரிப்பாளர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நண்பன் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு பெட்டிகள். மறைப்பது, மனம் சரியில்லாத நாளில் வாங்குவது, வாங்கியதும் குற்றவுணர்வு, நிறுத்த முயன்று தோற்பது, கடனட்டை நிலுவை ஏறுவது. இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதற்குப் பலன் தருவதாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் அந்த இரண்டு பெட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி முன் வையுங்கள். சண்டை வரலாம். வந்தாலும் அது இரண்டு பெட்டிக்கான சண்டை. ஒரு வருடம் கழித்து இருபது பெட்டிக்கு வரும்.

பெடல் வாங்குவதே வீண் என்று சொல்லும் ஆள் நானில்லை. யூ2வின் எட்ஜ் டிலேயை ஒரு வாத்தியமாகவே வாசிக்கிறார். அதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டுகளில் பல இல்லை. 1962ல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோனை ஆரம்பத்தில் சீந்துவாரில்லை. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸின் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) வந்த பிறகு கையிருப்பு தீர்ந்துபோனது. முதலில் ஒரு பாட்டில் அதற்கு இடம் கிடைத்தது, பிறகுதான் பெடலுக்கு ஆள் கிடைத்தது. எதை வைத்துக்கொள்வது என்ற உங்கள் கேள்விக்கும் அளவுகோல் அதுதான். 27க்கும் ஒரு தாளில் பெயர் எழுதி, எதிரே பாட்டின் பெயரும் அது வரும் இடமும் எழுதுங்கள். 'எப்போதாவது உதவும்' என்பதெல்லாம் இடமாகாது. எதிரே காலியாக இருப்பவை விற்பனைக்கு. அதில் மனசு ஒட்டிய மூன்று நான்கை விற்கக் கை வராது. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவை சேகரிப்பு என்று ஒப்புக்கொண்டு ஒரே தட்டில் அடுக்குங்கள். தட்டு நிறைந்தால் ஒன்று போய்த்தான் ஒன்று வரும். ஜெர்மேனியம் ஃபஸ் இரண்டு இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த டிரான்சிஸ்டர்கள் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, வெயில் ஏறினால் குணமும் மாறும். பச்சை ஓவர்டிரைவ் நான்கு இருந்தால் கட்டாயம் குறை சொல்வேன்.

அலமாரியில் இருப்பவற்றின் 9 வோல்ட் பேட்டரிகளை இன்றே கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே தகடெல்லாம் அரித்துவிடும், விற்கவும் முடியாது.

இனி கூடை. எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அதன் வேலையில் பெரும்பகுதியைச் செய்ய உங்கள் எட்டில் ஒன்று போதும் என்று தைரியமாகச் சொல்வேன். கூடையைக் காலி செய்யுங்கள். பச்சை வகை ஒன்றை எடுத்து, டிரைவை அடியோடு குறைத்து, லெவலை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி, ஏற்கெனவே லேசாக உடைந்துகொண்டிருக்கும் ஆம்பின் முன்னால் வையுங்கள். பெடல் உடைவதற்குப் பதில் ஆம்ப் உடையட்டும். இந்த ஒரு அமைப்பை முயன்றே பார்க்காமல் அடுத்ததுக்குத் தாவியவர்கள் ஏராளம். 30 நாள் கழித்தும் அந்தப் பெடல்தான் வேண்டும் என்றால், அதன் பெயரைச் சொல்லாமல், எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்ன ஒலி குறைகிறது என்று ஒரே வரியில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.

பிரிக்காத அந்தப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். திருப்பி அனுப்பக் கெடு இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.