பத்தாம் வகுப்புக் கணக்கு பயம்: குரூப்பை மாற்றும் முன் நோட்டைப் பாருங்கள்

வியாசர்பாடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகன் அரையாண்டில் கணக்கில் 22 வாங்கியிருக்கிறான். நோட்டைத் திறந்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான். பதினொன்றாம் வகுப்பில் கணக்கே இல்லாத குரூப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அந்த வயிற்று வலி நடிப்பு இல்லை, முதலில் அதை நம்புங்கள். கணக்குப் போடும்போது இடையில் வரும் எண்களை மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பயம் வந்தால் அந்த இடத்தைப் பயமே அடைத்துக்கொள்ளும். வீட்டில் சரியாகப் போட்ட கணக்கு பரீட்சை ஹாலில் வராமல் போவது இதனால்தான். அப்போது "நேத்துதானே சொல்லிக்கொடுத்தேன்" என்று அதட்டினால் பயம் இன்னும் கூடும்.

பத்தாம் வகுப்பில் தவிக்கும் பிள்ளைகளில் பலர் உண்மையில் இடறி நிற்பது ஏழாம் வகுப்புப் பாடத்தில். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மைனஸ் கூட்டல், மைனஸ் பெருக்கல், பின்னம், சதவீதம், 3x + 5 = 20 போன்ற எளிய சமன்பாடு என ஒவ்வொன்றிலும் நான்கு கணக்கு, மொத்தம் இருபது கொடுங்கள். கடிகாரம் வேண்டாம், மதிப்பெண்ணும் போட வேண்டாம். எந்த வகையில் தப்பு குவிகிறது என்று மட்டும் பாருங்கள்.

பெரும்பாலும் மைனஸில்தான் குவியும். −4 − 5 எவ்வளவு என்றால் 9 என்று எழுதுவான். "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்" என்று மனப்பாடம் செய்திருப்பான். அது பெருக்கலுக்கான விதி என்பது மனதில் பதிந்திருக்காது. கடையில் 4 ரூபாய் கடன், மறுநாள் இன்னும் 5 ரூபாய் கடன், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். 9 ரூபாய் கடன் என்று உடனே சொல்வான். அதையே −9 என்று எழுதச் சொல்லுங்கள். தினமும் பத்துக் கணக்கு, பதினைந்து நிமிடம், இரண்டு வாரம். இதற்கு டியூஷன் தேவையில்லை.

இந்த ஒரு தப்பு சரியானால் மதிப்பெண்ணில் தெரியும். வினாத்தாளில் கடைசிப் பகுதி செய்முறை வடிவியலும் வரைபடமும்: தலா 8, மொத்தம் 16. இரண்டிலும் 'அல்லது' வினா உண்டு. y = x² − x − 12 வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். x = −3 முதல் 4 வரை y மதிப்புகள் 0, −6, −10, −12, −12, −10, −6, 0. இரு முனையிலிருந்தும் ஒரே மாதிரி வருகிறது, பாருங்கள். (−2)² என்பதை −4 என்று எழுதும் பிள்ளைக்கு −6 இருக்க வேண்டிய இடத்தில் −14 வரும், வளைவு உடைந்துபோகும். அட்டவணை போட்டதும் இரு பக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். தப்பை அவனே பிடித்துவிடுவான். பிறருடைய சிவப்பு மை வருவதற்கு முன் தன் தப்பைத் தானே பிடிக்கும் பிள்ளைக்குப் பயம் குறையும், இதை நான் உறுதியாகச் சொல்வேன். அளவுத்திட்டம் எழுதுவது, அச்சுகளுக்குப் பெயரிடுவது, வடிவியலில் உதவிப்படம் வரைவது, இவற்றையும் விடக்கூடாது.

அடுத்து 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். பாட முடிவில் உள்ள பலவுள் தெரிவு வினாக்களை ஏன் அந்த விடை என்று புரிந்து போட்டுப் பழகட்டும். இந்த 14-ம் அந்த 16-ம் சேர்ந்தால் 30. தேர்ச்சிக்கு வேண்டியது 35. மீதி 5-ஐ இரண்டு மதிப்பெண் வினாக்களில் எடுக்கலாம்: 14-ல் 10 எழுதினால் போதும், 28-வது மட்டும் கட்டாய வினா.

தேர்வன்று முதல் 10 நிமிடம் வினாத்தாளைப் படிக்கத்தான் தருகிறார்கள். தன்னால் போட முடியும் என்று தோன்றுகிற வினாக்களை அப்போதே மனதில் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து தொடங்கட்டும். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும் முன் மனதில் உள்ள பயத்தை 10 நிமிடம் ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். இப்படி எழுதிய மாணவர்கள் தேர்வை மேலாகச் செய்ததை 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

வீட்டில் உட்கார இடமில்லை என்றால் பக்கத்துக் கிளை நூலகம் இருக்கிறது, கொளத்தூரில் உட்கார்ந்து படிக்க இடம் தரும் முதல்வர் படைப்பகம் இருக்கிறது. "எனக்கும் கணக்கு வராது" என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

இனி குரூப். கணிதம் இல்லாமல் பிளஸ் டூ முடித்தால் பொதுவாகப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. பாலிடெக்னிக்கிலும் முதல் ஆண்டில் கணிதம் உண்டு. உயிரியலிலோ வணிகவியலிலோ அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் தாராளமாகச் சேருங்கள். கணக்குக்குப் பயந்து மட்டும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அதே இருபது கணக்கை எண்களை மாற்றிக் கொடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து அவனுடன் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு எந்த குரூப் என்று அவனிடமே கேளுங்கள்.