அந்தமான் நிக்கோபார் தீவுகளின் உயிரினங்களில் வியப்பானவை எவை?

என் தேர்வு நிக்கோபார் மெகாபோட்தான். உலகிலேயே நிக்கோபார் தீவுகளில் மட்டும் வாழும், கோழி அளவேயுள்ள இந்தப் பறவை அடைகாப்பதே இல்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் கால்களால் வாரிக் குவித்து மேடு கட்டி, அதற்குள் முட்டையைப் புதைக்கிறது. ஈரச் சருகு மட்கும்போது எழும் சூடுதான் முட்டையைப் பொரிக்கிறது. சருகு காய்ந்துபோனால் மட்குவது நின்று சூடு குறையும். அதனால் பறவைகள் மேட்டைக் கிளறிப் புதுச் சருகு சேர்க்கின்றன. முட்டை, கோழிமுட்டையைவிட இரு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. அதனால்தான் குஞ்சு முழு இறகுகளோடு பொரிந்து, தானே மண்ணைத் தோண்டி வெளியேறி, தாய் துணையின்றி இரை தேடுகிறது. ஆனால் கரையோரத்தில் கூடு கட்டும் இதே பழக்கத்தால், 2004 சுனாமியில் ஏராளமான மேடுகள் அடித்துச் செல்லப்பட்டன. பெரிய இழப்பு அது.

அடுத்தது தேங்காய் நண்டு. 4 கிலோ வரை வளரும், மரமேறும், தேங்காயை உடைத்துத் தின்னும். நண்டாக இருந்தும் வளர்ந்தபின் கடலில் மூழ்கினால் இறந்துவிடும். அதன் செவுள் உறுப்பு காற்றில் சுவாசிக்கவே ஏற்றது. முட்டைகளை விட மட்டும் பெண் நண்டு கடலோரம் வரும்.

நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவைக்கோ சுமார் 7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரே தீவுதான் உலகம்.