பெண்கள், பாலினம் பற்றிய ஆய்வுகளால் நடைமுறையில் யாருக்காவது பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "கருத்தரங்கு, கட்டுரை, சான்றிதழ் தவிர இந்தத் துறை எதைச் சாதித்தது?" கொஞ்சம் வம்புக்கு இழுக்கிற மாதிரி இருந்தாலும் கேள்வி நியாயமானதுதான். நான் பெண்ணியல் எம்.ஏ. படித்தவள். படிக்கிற காலத்தில் என் அப்பா இதையே வாரத்துக்கு ஒருமுறை கேட்பார், நானும் ஏதாவது சொல்லி மழுப்புவேன். உருப்படியான பதில் கிடைத்தது எங்கள் சித்திக்குக் கால் உடைந்த பிறகுதான்.

2018. திருக்கோவிலூரில் சித்தி கடைக்குப் போய்விட்டு வரும்போது ஒரு வேன் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிவு, உள்ளே ராடு, ஏழு மாதம் படுக்கை. அந்த ஏழு மாதத்தில் அந்த வீடு பட்ட பாடு இருக்கிறதே! சமையலுக்கு ஒரு அம்மாவை வைத்தார்கள், மாதம் 4,000 ரூபாய், அதுவும் காலையும் மதியமும் மட்டும். இட்லி மாவு பாக்கெட்டில் வந்தது. படுத்த படுக்கையாக இருந்த சித்தப்பாவின் அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்ற ஆள் தேடி அலைந்து கடைசியில் ஒரு நர்ஸம்மா நாளுக்கு இவ்வளவு என்று பேசி வந்தார். இரண்டு கறவை மாடு இருந்தது, பார்க்க ஆளில்லாமல் விற்றுவிட்டார்கள். ஒரே ஒரு ஆள் படுத்ததற்கு இத்தனை.

எம்.சி.ஓ.பி. போட்டோம், அதாவது விபத்து நஷ்டஈட்டு வழக்கு. மனுவில் "தொழில்" என்ற இடத்தில் வக்கீல் குமாஸ்தா "இல்லை" என்று எழுதினார். சித்தியும் அதற்குத் தலையாட்டினார்: "ஆமா சார், நான் எங்க வேலைக்குப் போறேன், வீட்ல சும்மாதான இருக்கேன்." பிறகு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். வருமானமே இல்லாதவருக்கு வருமான இழப்பு எப்படி வரும்? கேட்டால் நியாயம் மாதிரியே இருக்கும்.

அன்றைக்கு நான் கூட இருந்தேன். எம்.ஏ.வில் படித்ததெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

வேலையில்லாத இல்லத்தரசிக்கு என்ன மதிப்பு என்பதை நீதிமன்றங்கள் ரொம்ப காலமாகக் குத்துமதிப்பாகத்தான் போட்டுக்கொண்டு வந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பல வருடம் இருந்த கணக்கு இது: சம்பாதிக்காத மனைவி இறந்தால், அவர் வருமானம் என்பது கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது அதே சாம்பார், அதே துணி துவைப்பு, ஆனால் புருஷன் இன்ஜினியர் என்றால் விலை அதிகம், மூட்டை தூக்குபவர் என்றால் குறைவு. ஜாம்ஷெட்பூரில் 1989இல் நடந்த தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல்தான் வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என்று ஒரு அளவு வைத்தது. 2010இல் வந்த இன்னொரு தீர்ப்பு கொஞ்சம் கோபமாகவே பேசியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சுமார் 36 கோடிப் பெண்களை உழைக்காதவர்கள் என்று போட்டு, பிச்சைக்காரர்கள், கைதிகள் இருக்கும் அதே வகையில் சேர்த்திருக்கிறது என்று சுட்டிக்காட்டியது. அரசாங்கத்தின் கண்ணில் எங்கள் சித்தியும் சிறையில் கம்பி எண்ணுகிறவரும் ஒன்று!

அப்புறம் 2021 ஜனவரி. டெல்லியில் ஒரு தம்பதி விபத்தில் இறந்த வழக்கு. அதில் நீதிபதி என்.வி. ரமணா தனியாக எழுதிய பகுதியை முடிந்தால் படித்துப் பாருங்கள். வீட்டு வேலையை முக்கிய வேலையாகச் சொன்ன பெண்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 16 கோடி, ஆண்கள் சுமார் 58 லட்சம் என்று எடுத்துவைக்கிறார். கூடவே 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலிருந்து (ஒரு நாளில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அரசு எடுப்பது) இரண்டு எண்கள்: சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ஐப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன ஆண்களின் சராசரிதான் அது, அப்படிச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று பார்த்தால் ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்.

சரி, ஒரு நீதிபதி கையில் "299" என்ற எண் எப்படி வந்து சேர்ந்தது? அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். அந்த எண் தானாக முளைத்ததில்லை. பெண்கள் பற்றி ஆராய்ந்தவர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் கத்திக் கத்தி வரவழைத்தது.

1970களில் தேவகி ஜெயின், மாலினி சந்த் என்ற இரு ஆய்வாளர்கள் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் ஆறு கிராமங்களில் 127 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, வீட்டில் யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். வழக்கமான கணக்கெடுப்பில் வேலை செய்யாதவர் என்று போடப்படும் பெண்கள் களை பறித்துக்கொண்டும் மாடு மேய்த்துக்கொண்டும் இருந்தது தெரியவந்தது. 127 குடும்பம் என்பது ஒன்றுமே இல்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு தாலுகாவுக்குக்கூடக் காணாது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டால் பதில் மாறும் என்று காட்ட அது போதுமாக இருந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "நீங்கள் வேலை செய்தீர்களா" என்ற கேள்வியோடு "சம்பளமில்லாமல் குடும்ப விவசாயத்திலோ குடும்பத் தொழிலிலோ செய்ததையும் சேர்த்து" என்று ஒரு துண்டு சேர்த்தார்கள். பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் கேட்டு வாங்கிய துண்டு அது. 1998–99இல் ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முன்னோட்டமாக நடந்தது, தமிழ்நாடும் அதில் ஒன்று. நாடு முழுக்க எடுக்க இன்னும் இருபது வருடம் ஆனது. நம் ஊர் வேகம் தெரிந்ததுதானே.

இந்தியாவில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் அமெரிக்காவின் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தார். கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் "மனைவி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் திருத்திப் போட்ட கணக்கில், 1890களின் கடைசியில் வேலை பார்த்த மணமான பெண்களின் விகிதம் அரசுக் கணக்கைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

நானும் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்ததும் ஒரு ஆய்வுக்காக ஆரணி, போளூர் பக்கம் கணக்கெடுக்கப் போனேன். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் வேலையைக் குறிக்கத் தனித்தனி எண்கள் உண்டு, எங்கள் படிவத்திலும் அதே எண்கள்தான். 92 என்றால் வீட்டு வேலை மட்டும். 93 என்றால் வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் சேகரிப்பது, வீட்டுக்குத் துணி தைப்பது போன்றவையும். 21 என்றால் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர்.

போளூர் பக்கம் ஒரு திண்ணையில் ஒரு அக்கா. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு வேலையும் இல்லம்மா, சும்மாதான் கீறேன்" என்றார். சொல்லும்போதே கை நிற்கவில்லை, மடியில் முறம், மல்லாட்டை (வேர்க்கடலை) உடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் நிலத்தில் போட விதைக்கு. அப்படியென்றால் அவருக்கு 21தான் போட வேண்டும். கூட வந்த மேற்பார்வையாளர் என்ன சொன்னார் தெரியுமா? "அவங்களே சும்மா இருக்கேன்னு சொல்லிட்டாங்களே, 92 போட்டுட்டு வாம்மா, இன்னும் பதினோரு வீடு கெடக்கு."

நான் அடம்பிடித்து அரை மணி அரை மணியாகக் கேட்டேன். நாலு மணிக்கு என்ன பண்ணீங்க அக்கா, நாலரைக்கு, அஞ்சுக்கு? (தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இப்படித்தான், முந்தின நாள் அதிகாலை நாலு மணியிலிருந்து அரை மணி அரை மணியாகக் கேட்பார்கள்.) சாணி அள்ளுவதில் தொடங்கி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றி, தண்ணி பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, புல் அறுத்து என்று ராத்திரி பத்து வரை போனது. நடுவில் அவரே நிறுத்தி, "இதையெல்லாமா எழுதுவீங்க?" என்று கேட்டார். எழுதினோம். ஆரணியில் நெசவு வீடுகளிலும் இதே கதைதான். தறியில் உட்காருகிறவர் நெசவாளி. பக்கத்தில் உட்கார்ந்து நெய்வதற்கான நூலைத் தார் சுற்றிக் கொடுக்கிற மனைவி, அவர் வாயாலேயே, சும்மா இருப்பவர்.

நாட்டின் உற்பத்தியைக் கணக்கிட ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு முறையின் விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தேவைக்கு விறகு பொறுக்கினால் அது உற்பத்தி. அந்த விறகை வைத்து வீட்டுக்குச் சமைத்தால் உற்பத்தி இல்லை. பொருள் கணக்கில் வரும், சொந்த வீட்டுக்குச் செய்யும் சேவை வராது. பிகு என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் இதை நூறு வருடம் முன்பே சுட்டிக்காட்டினார்: சம்பளத்துக்கு வைத்த வீட்டுப் பணிப்பெண்ணை ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும். வேலை அதே வேலை, சம்பளம் மட்டும் நின்றுபோகிறது.

வீட்டு வேலை மட்டும் இல்லை. "ஆண் 1, பெண் 2" என்றே இருந்த படிவத்தில் திருநங்கையர் போன்றோருக்கு "மற்றவர் 3" என்று ஒரு எண் 2011 கணக்கெடுப்பில்தான் வந்தது. சுமார் 4.88 லட்சம் பேர் பதிவானார்கள். எண் இல்லாதவரை ஆளும் இல்லை என்பதுதான் நிர்வாகத்தின் கணக்கு.

இந்தத் துறையில் எல்லாமே பொன் என்று நான் சொல்ல வரவில்லை. "சொல்லாடல்", "தன்னிலை" என்று பக்கத்துக்கு நாற்பது தடவை வருகிற கட்டுரைகளைப் படித்துத் தலைவலி வந்தவள் நான். எழுதியவருக்கும் அவருடைய நெறியாளருக்கும் தவிர வேறு யாருக்கும் புரியாது, நெறியாளருக்கே புரிந்ததா என்பதும் சந்தேகம். துறைக்குள் ஒத்த கருத்தும் கிடையாது. வீட்டு வேலைக்குப் பணம் கொடுப்பதைப் பற்றியே இரண்டு கட்சி. கொடுத்தால் அடுப்படியே உன் இடம் என்று முத்திரை குத்தியதாகிவிடும் என்பார்கள் ஒரு பக்கம், கொடுக்காவிட்டால் அது வேலை என்றே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள் மறுபக்கம். 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் "உரிமைத் தொகை" என்று வைத்தார்களே, அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் இந்த விவாதம் இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்குப் போனது.

எனக்கு ஆயிரம் ரூபாயை விடப் பெரிதாகத் தெரிவது அதே வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. கணவர் வளைகுடா நாட்டில் சம்பாதித்துப் பணம் அனுப்பினார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. அவர் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் இவர் அந்தப் பக்கம் சம்பாதித்திருக்க முடியாது என்பதுதான் அடிப்படை. நேரடியாக அப்படி ஒரு சட்டம் இல்லை, ஆனால் மனைவியின் பங்களிப்பை ஏற்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று எழுதினார். நம் ஊரில் எத்தனை வீட்டின் கதை இது!

சித்தி வழக்குக்கு வருகிறேன். இழுத்துக்கொண்டே போய், 2021 தீர்ப்பு வந்த பிறகுதான் முடிவானது. எங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பைத் தாக்கல் செய்தார். தீர்ப்பாயம் சித்தியின் உழைப்புக்கு மாதம் 9,000 ரூபாய் என்று வைத்து ஏழு மாதத்துக்குப் போட்டுக் கொடுத்தது. சித்தப்பா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு வழக்கு வந்தால், மனுவில் தொழில் "இல்லை" என்று எழுத விடாதீர்கள். என்னென்ன வேலை செய்தார், அவர் படுத்த பிறகு அந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைத்து, பணம் வாங்கியவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சமையல் அம்மாவின் கணக்கும் நர்ஸம்மாவின் ரசீதும் ரொம்ப உதவின. பால் கணக்கு மட்டும் உதவவில்லை. பதினாலு வருடம் கறந்து ஊற்றியது சித்தி, சொசைட்டி அட்டை சித்தப்பா பெயரில் இருந்தது. போன வருடம் மறுபடி ஒரு மாடு வாங்கியிருக்கிறார்கள். அட்டை இந்த முறை சித்தி பெயரில்.