டம்ளருக்கு வெளியே பூக்கும் பனி: கேள்வி பதில்

அரையாண்டு லீவில் பிள்ளைகள் செய்யக்கூடிய பனிச் சோதனை கேட்டிருந்தீர்கள். ரிட்டயர்ட் இயற்பியல் வாத்தியார் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி: சேலத்தில் பனிக்கு எங்கே போவது?

ஃப்ரீசருக்குத்தான். ஐஸைத் துணியில் சுற்றிக் குழவியால் நொறுக்குங்கள். வெளிப்பக்கம் ஈரமில்லாமல் துடைத்த இரண்டு எவர்சில்வர் டம்ளர். ஒன்றில் ஐஸும் இரண்டு ஸ்பூன் தண்ணீரும். மற்றதில் மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு கல் உப்பு. கரண்டிக் காம்பால் கிளறுங்கள். பத்து நிமிஷத்தில் முதல் டம்ளர் வியர்க்கும். உப்பு டம்ளரில் வெள்ளையாகப் பூக்கும். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வரும்.

உப்பு சேர்ந்தால் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழேயே உருகும். உருகத் தேவையான வெப்பத்தை டம்ளரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். கலவை மைனஸ் 21 வரைகூட இறங்கலாம். அந்தச் சுவரில் படுகிற நீராவி தண்ணீராகாமல் நேரே பனியாகிவிடும். ஒன்று மட்டும்: கலவையைக் கையில் வைத்துப் பந்தயம் கட்டக் கூடாது. சுட்டது போலத் தோல் கொப்பளிக்கும்.

சூரமங்கலம்: உள்ளேயிருந்து கசியும் தண்ணீர்தானே அது?

உள்ளே பீட்ரூட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே நிற்கும் துளிக்கு நிறமே இருக்காது.

ஆத்தூர்: பேரன் டொராண்டோவில் இருக்கிறான். அங்கே நிஜப் பனி.

கொடுத்து வைத்தவன். புதுப் பனியை அமுக்காமல் டம்ளர் நிறைய அள்ளி, உருகினால் எதுவரை தண்ணீர் நிற்கும் என்று முதலிலேயே கோடு போடச் சொல்லுங்கள். பாதி என்பான். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நிற்கும், மீதி காற்று. ஈரப் பனி என்றால் கொஞ்சம் கூடும்.

மேட்டூர்: தூள் உப்பு போடலாமா?

போடலாம். கையில் பிடிக்க வேண்டாம்.

ஏற்காடு: டம்ளரில் பூக்கட்டும். எங்கள் ஊரில் பனி மேலேயிருந்துதான் பெய்கிறது. வாசலில் விட்ட பாய் நனைகிறது, மரத்தடிப் பாய் நனைவதில்லையே?

நல்ல கேள்வி, தப்பான முடிவு. திறந்த வாசல் இரவெல்லாம் வானத்துக்கு வெப்பத்தை விட்டுக் குளிர்ந்துபோகிறது. மரத்தடிக்கு இலைகளே போர்வை. 1814-இல் இதைப் பற்றி எழுதிய வெல்ஸ் என்ற லண்டன் டாக்டர், பலகைக்கு மேலும் கீழும் கம்பளித் துணுக்குகளை வைத்து எடை பார்த்தார். கீழே வைத்ததிலும் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தது. பெய்தது என்றால் அங்கே எப்படிப் போகும்?

மறுபடி ஏற்காடு: லேடீஸ் சீட் பக்கம் வந்து பாருங்கள். சில்வர் ஓக் அடியில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. அதுவும் பூத்ததா?

இல்லை, விழுவதுதான். அது மூடுபனி. காற்றில் மிதக்கும் துளிகளை இலை பிடித்துச் சொட்டுகிறது. பாருங்கள், இப்போது மரத்தடி நனைகிறது, வாசல் அந்த அளவு நனைவதில்லை. உங்கள் பாய்க் கதைக்கு நேர் எதிர். புல்லில் நிற்பதும் பனி, மலையை மூடுவதும் பனி, டொராண்டோவில் கொட்டுவதும் பனி. ஒரே சொல்லை மூன்றுக்கும் வைத்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம்.

இன்னொரு ஏற்காடு: "தைப் பனி தரையைத் துளைக்கும்" என்பது?

குளிரைச் சொன்னது. விட்டுவிடுங்கள்.

கொண்டலாம்பட்டி: எனக்குப் பூக்கவில்லை.

ஃபேனை நிறுத்தினீர்களா? ஐஸை நொறுக்கினீர்களா, முழுசாகப் போட்டீர்களா?

அம்மாபேட்டை: சேலத்தில் பனி எங்கே கிடைக்கும்?

முதல் பதில். கையில் பிடிக்க வேண்டாம்.